பானுமதி மேல் ஒரு பிராது

பானுமதிக்கு ரொம்ப நாளாக ஒரே ஒரு ஆசைதான். அமிர்தம் இல்லாத ஏதாவது ஓர் ஊரில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும். காசி ராமேஸ்வரமா கேட்டாள்? ஒரு டீ. அந்த ஒரு டீக்கு வழியில்லாமலே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் அவள் வீடும் அமிர்தத்தின் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே சூளையில் வேலை பார்த்தவர்கள். ஒன்றாக மனை வாங்கி, செங்கல் மிச்சமாகட்டும் என்று நடுவில் ஒரே சுவராக எழுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தை இன்றுவரை அனுபவிக்கிறவள் பானுமதி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா பானு, சளி புடிச்சிக்கிச்சா?" என்று குரல் வரும். பதில் சொல்லாவிட்டால் ஆளே வரும். கையில் கஷாயம், வாயில் ஒரு கதை. கஷாயத்தில் சுக்கு இருக்கும், மிளகு போட மறந்திருப்பாள். கதையும் அப்படித்தான், முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் அடுப்பில் எதையோ வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடுவாள்.

அமிர்தம் எதையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்குவாள். தொடங்கிய எதையும் முடிக்க மாட்டாள். பானுமதி எதையும் யாரிடமும் சொல்ல மாட்டாள்; எடுத்ததை முடிக்காமல் எழுந்திருக்கவும் மாட்டாள். இப்படிப்பட்ட இரண்டு பேரை அடுத்தடுத்த வீட்டில் பிறக்க வைத்தது யார் செய்த வேலை என்று பானுமதி பலமுறை யோசித்திருக்கிறாள்.

பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. மார்கழி வந்தால் அமிர்தம் தெருவையே அடைத்துப் புள்ளி வைப்பாள். பாதிக் கோலத்தில் பால்காரர் வருவார். "தோ வரேன்" என்று அவரோடு பேசிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய்விடுவாள். தன் வாசலில் சின்னதாக ஒரு கோலத்தைப் போட்டு முடித்த பானுமதிக்கு, பக்கத்தில் அரைகுறையாகக் கிடப்பது கண்ணை உறுத்தும். அதையும் அவளே முடிப்பாள். விடிந்ததும் தெரு முழுக்க அமிர்தத்தின் கோலத்தைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவதாக அமிர்தம் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். பானுமதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் கூப்பிட்டபோது அமிர்தத்தைக் காணோம். விழாவுக்கு வந்த பெரிய மனிதரின் கார் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாளாம், அவருக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கமாம். பானுமதி தன்னந்தனியாக மைக் முன்னால் நின்று, பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காக அவள் அமிர்தத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுப்பாடம், இம்போசிஷன் எல்லாம் இதே கதைதான். அமிர்தம் நாலு வரி எழுதுவாள், மிச்சத்தைப் பானுமதி எழுதுவாள். கடைசியில் அமிர்தத்தின் கையெழுத்து அமிர்தத்தைவிட பானுமதிக்குத்தான் நன்றாக வந்தது.

பத்தாவது முடித்த கையோடு இரண்டு பேரும் பேட்டையில் ஒரு பொம்மை யூனிட்டில் வர்ணம் தீட்டப் போனார்கள். அங்கேயும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அமிர்தம் பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் முதலில் ஒற்றைக் கண்ணை எழுதுவாள். அதற்குள் பேச யாராவது கிடைத்துவிடுவார்கள். பொம்மைகளெல்லாம் ஒற்றைக் கண்ணோடு பானுமதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் இன்னொரு கண்ணை எழுதுவாள். அமிர்தம் எழுதிய கண் சிரிக்கும். பானுமதி எழுதிய கண் முறைக்கும். முதலாளி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, பொம்மைகள் விற்றுப்போயின.

அமிர்தத்தை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்தபோது பானுமதி பந்தலுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. நிம்மதிதான் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த நிம்மதி மாசி மகம் வரைக்கும் தாங்கியது. மகத்துக்கு வந்த அமிர்தம், "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் பையை வைத்தாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவள் புருஷன் தர்மராஜ் மினி பஸ் டிரைவர், வாய் திறந்து பேசாத நல்ல மனுஷன். கூட்டிப் போக வந்தவர் ரெண்டு நாள் பார்த்துவிட்டு, விருத்தாசலத்திலேயே ஒரு பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பானுமதி ஒரே பெண் என்பதால் அவள் வீட்டுக்காரர் அவள் வீட்டுக்கே வந்து வாழ்ந்தவர். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அமிர்தம்தான் கூடவே கிடந்தாள். கூடவே என்றால் கூடவே. ரசம் வைத்து எடுத்துவருவாள், உப்பு இருக்காது. தலை வாரிவிடுவாள், பாதிப் பின்னலில் போன் வரும். "வாயில வைக்க முடியல, போய் உப்பு எடுத்துட்டு வாடி" என்று அதட்டி அதட்டியே பானுமதி சோறு தின்றாள். எரிச்சல் படுவதற்கு ஒருத்தி பக்கத்தில் இருந்ததால்தான் அந்த மாசங்களை அவள் தாண்டினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எதைத்தான் சொல்லியிருக்கிறாள்?

மகன் கார்முகில் ஓசூரில் வேலைக்குப் போய், துர்காவைக் கட்டிக்கொண்டு, ஒரு பிளாட்டும் வாங்கினான். "தனியா எதுக்கும்மா அங்க கெடக்குற, இங்க வந்துடு" என்றான். பானுமதிக்கு அந்தக் கணம் கண் முன்னால் வந்தது மகனும் இல்லை, மருமகளும் இல்லை. ஆவி பறக்கும் ஒரு டம்ளர் டீ. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அது ஆடி மாசம். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள், யூனிட்டில் கணக்கை முடித்தாள், வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிவைத்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தெருவே வந்து உட்கார்ந்துகொள்ளும். புறப்படுகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஆனால் வீடு பார்க்க வந்த ரயில்வேக்காரர் ராஜமாணிக்கம் வீடு மாறி அமிர்தத்தின் கதவைத் தட்டிவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஊர் பேர் விசாரித்து, வந்த விஷயத்தையும் கறந்துகொண்டு, அமிர்தமே அவரைக் கூட்டிவந்து வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அவர் போன பிறகுதான் பானுமதி பக்கம் திரும்பினாள்.

"ஓசூராமே" என்றாள்.

"ம்."

"எப்போலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து பேச்சு நடக்குது."

"ஆடியிலேர்ந்தா?" என்று கேட்டுவிட்டு அமிர்தம் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பானுமதி டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏனோ அதைக் குடிக்கத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஆறிப்போனது.

மறுநாள் காலையில் அமிர்தம் எங்கோ கிளம்பிப் போனாள். உச்சி வெயிலில் நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கி, குழாயடியில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தாள்.

"எங்கிட்ட சொல்லாம போறாளாம். அவ மேல கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வரேன். இனிமே அவரு பாத்துப்பாரு."

ஊர் எல்லையில் மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போல அவரிடம் பிராது கொடுக்கலாம். பேர், ஊர், யார் மேல் என்ன குறை, என்ன செய்து தர வேண்டும் என்றெல்லாம் காகிதத்தில் எழுதி, கோயிலில் காவலாக நிற்கும் முனியப்பர் முன்னால் கட்டிவிட வேண்டும். நகை தொலைத்தவர்கள், நிலத்தகராறில் சிக்கியவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் எல்லாம் எங்கிருந்தெல்லாமோ வந்து கட்டுவார்கள். குறை தீர்ந்ததும் கட்டியவரே வந்து ராஜினாமா எழுதி, பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காத வரைக்கும் வழக்கு நடந்துகொண்டே இருக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை பானுமதி. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ராஜமாணிக்கம் வீடு வேண்டாம் என்று போன் பண்ணினார். சாமான் ஏற்ற வந்த வேன் தெருமுனையிலேயே டயர் வெடித்து நின்றது. கிளம்புகிற நேரத்தில் படியில் கால் பிசகி வீங்கிவிட்டது. தெருவில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். வீங்கின காலுக்குத் தைலம் தடவிவிட வந்தவள் யார்? அமிர்தமேதான்.

"வாபஸ் வாங்குடி" என்றாள் பானுமதி, வலியில் முனகிக்கொண்டே.

"குறை தீரலையே."

"என்னாடி உனக்குக் குறை?"

"நீ போற. அதுதான் குறை."

"இந்தக் காலோடயே போவேன்."

"போ. போனா என்னா? பிராது பின்னாலயே வரும்" என்றாள் அமிர்தம். கணுக்காலுக்கு மட்டும்தான் தைலம் தடவி முடித்திருந்தாள். பாதத்தை விட்டுவிட்டு, பால் பொங்கும் என்று எழுந்து போய்விட்டாள்.

பானுமதி நொண்டிக்கொண்டே ஓசூர் போய்ச் சேர்ந்தாள்.

நல்ல வீடு. உயரத்தில், காற்றோட்டமாக. கார்முகிலும் துர்காவும் தங்கமான பிள்ளைகள், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு அறையில் வேலை பார்ப்பார்கள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை கிடையாது. தும்மினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் நாள் காலையில் பானுமதி டீ போட்டு பால்கனியில் உட்கார்ந்தாள். சூடாக, ஒரே மூச்சாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். மணி ஏழுகூட ஆகவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

யூனிட்டில் கழித்துப் போட்ட பொம்மை ஒன்றைப் பல வருஷமாக அவள் வைத்திருந்தாள். அதை டிவி பக்கத்தில் வைத்தாள். "அத்தை, இந்தப் பொம்மை இந்தப் பக்கத்திலேர்ந்து பாத்தா சிரிக்குது, அந்தப் பக்கத்திலேர்ந்து பாத்தா திட்டற மாதிரி இருக்குது" என்றாள் துர்கா. "ஆமாம்மா, அது அப்படித்தான்" என்று மட்டும் சொன்னாள் பானுமதி.

பிராது பின்னாலேயே வந்திருந்தது. பல் வலி வந்தது. கண்ணாடி தொலைந்தது. ஒருநாள் லிஃப்டு நடுவில் நின்று, உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் அமிர்தத்தைத் திட்டினாள். ஓர் இருமல் வந்தால்கூட, "கட்டி வெச்சிருக்காளே மகராசி" என்றுதான் வாயில் வந்தது.

அந்த மகராசி தினமும் போன் பண்ணினாள். போனிலும் அவள் குணம் போகவில்லை. ஒருநாள் தெருமுனை ஆண்டாள் வீட்டுக் கதையை எடுத்தாள். ஆண்டாளின் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். காரிலிருந்து எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக மாப்பிள்ளையின் மாமா இறங்கினார். ஆண்டாளின் புருஷனைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"'நீயா?'ன்னு கேட்டாரு பானு. ஆண்டாளு வூட்டுக்காரரு மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். அப்புறம் பாத்தா, ஐயையோ, குக்கரு மூணு விசிலு வந்துடுச்சு, இருடி."

அத்தோடு போன் போய்விட்டது.

பானுமதி காத்திருந்தாள். திரும்பி வரவில்லை. தானே கூப்பிட்டுக் கேட்க அவளால் முடியுமா? ஊர்வம்பை ஒருநாளும் வாய் திறந்து கேட்டவள் இல்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தாள். யார் அந்த மாமா? ஏன் 'நீயா' என்றார்? பழைய பகையா? ஆண்டாளின் புருஷன் என்ன செய்தான்? மறுநாள் போன் வந்தபோது அமிர்தம் தர்மராஜின் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைத் தொடங்கினாள். பானுமதி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆண்டாளு நல்லா இருக்குதா?" என்று தூண்டில் போட்டாள். "அதுக்கு என்னா, நல்லா இருக்குது. நீ இத கேளு" என்று அமிர்தம் பஸ் சண்டைக்கே போனாள். அந்தச் சண்டையும் பாதியில் நின்றது.

மார்கழி பிறந்தபோது பானுமதியின் தலைக்குள் இப்படி முடியாத கதைகள் ஒரு குவியல் சேர்ந்திருந்தன. ஒருநாள் காலையில், டீயைச் சூடாகக் குடித்துவிட்டு, மகனிடம் சொன்னாள்.

"நான் ஊருக்குப் போயி அந்தப் பிராத வாபஸ் வாங்க வெச்சுட்டு வந்துடறேன்."

"அம்மா, நீ இதெல்லாம் நம்புவியா?"

"நம்பறது நம்பாதது இருக்கட்டும். என் மேல வழக்கு ஒண்ணு கெடக்குது. பல்லு வலி எனக்கு வந்தா பரவால்ல, உங்களுக்கு ஒண்ணு வரக் கூடாது. ஒரு வாரம்தான். போயிட்டு வரேன்."

சின்னப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு, சேலத்தில் ரயில் மாறி, விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினாள். ஆட்டோ தெருவில் திரும்பும்போதே ஆண்டாள் எதிரில் வந்தாள். பெருமை சிறுமை எல்லாம் பறந்துவிட்டது. ஆட்டோவை நிறுத்தி, "அந்த மாப்பிள்ள மாமா ஏன் நீயான்னு கேட்டாரு?" என்று விசாரித்தாள் பானுமதி. ஆண்டாளுக்கே முதலில் புரியவில்லை.

"ஓ, அதுவா. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலு. ஒரே பெஞ்சாம். அவ்வளவுதான்க்கா."

இதற்காகவா தூக்கம் கெட்டது! பானுமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியவள் அப்படியே நின்றாள். அவள் வீட்டு முன்சுவரில் பாதி புதுப் பச்சையாகவும் பாதி பழைய மஞ்சளாகவும் இருந்தது. பச்சை, நடுவில் ஒரு வளைவோடு நின்றுபோயிருந்தது. டப்பாவும் பிரஷ்ஷும் கீழே காய்ந்து கிடந்தன.

"பொங்கலு வருதே, பூட்டின வூடு பாழடஞ்ச மாதிரி இருக்குதேன்னு அடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் அமிர்தம். "நீ வரப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிச்சு வெச்சிருப்பேன்."

"கிழிச்சே" என்றாள் பானுமதி.

இரண்டு நாள் அந்தச் சுவருக்கே போயிற்று. பானுமதி பிரஷ்ஷை ஊறவைத்து, மிச்சச் சுவரை அடித்து முடித்தாள். அமிர்தம் பக்கத்தில் நின்று பேசினாள். பிராதைப் பற்றி எடுத்தால் மட்டும் பேச்சை மாற்றினாள். இன்றைக்குச் செவ்வாய், நாளைக்கு நான் தலைக்குக் குளிக்கணும், மறுநாள் அவருக்கு டிபன் கட்டணும் என்று ஏதாவது ஒன்று. ஒருநாள் காலையில் பானுமதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டவுன் பஸ்ஸில் ஏற்றி, மணவாளநல்லூரில் இறக்கினாள்.

கோயிலில் கட்டித் தொங்கும் பிராதுகள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "ராஜினாமா எழுதணுங்க" என்றாள் பானுமதி.

"கட்டினவங்க யாரும்மா?"

"இவங்கதான்."

"எப்போ கட்டினீங்க?" என்று அவர் அமிர்தத்தைக் கேட்டார். அமிர்தம் மரத்தைப் பார்த்தாள்.

"சொல்லேண்டி" என்றாள் பானுமதி.

"கட்டியிருந்தாத்தானே சொல்றதுக்கு."

பானுமதி அவளை ஓரமாக இழுத்துப் போனாள். அமிர்தம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு வந்தது நெசந்தான் பானு. பேப்பரு வாங்கினேன், பேனா வாங்கினேன், தோ, அந்த எடத்துலதான் உக்காந்தேன். பக்கத்துல, நல்லூர்லேர்ந்து வந்த அம்மா ஒண்ணு, மாடு காணாம போச்சுன்னு அழுதுகிட்டு இருந்துச்சு. அதுக்கு எழுதத் தெரியல. நான் எழுதிக் குடுத்தேன். மாடு எப்படிப் போச்சுன்னு கேட்டேனா, அது ஒரு பெரிய கதை. அதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சு."

"உன் பிராது?"

"எழுதவே இல்ல. மறுநாளு வந்து எழுதிக்கலாம்னு இருந்தேன்."

"பின்ன எதுக்குடி தெரு முழுக்கக் கட்டிட்டேன்னு சொன்னே?"

"கோவத்துல சொன்னேன்."

இவளை என்ன செய்வது? பானுமதிக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. டயர் தேய்ந்துபோய் வெடித்திருக்கிறது. லிஃப்டு கரண்டு இல்லாமல் நின்றிருக்கிறது. பல், வயசானதால் வலித்திருக்கிறது. சாமி அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அமிர்தம் எதையும் முடித்துப் பார்த்ததில்லையே, இதை மட்டும் முடித்திருப்பாள் என்று எப்படி நம்பினோம்? ஊரிலேயே அவளை நன்றாகத் தெரிந்தவள் நானாயிற்றே. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அப்போ நான் எதுக்குடி வந்தேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அமிர்தம். "நீதான் எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டியே."

பானுமதி போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்து, அமிர்தம் அன்றைக்கு உட்கார்ந்ததாகச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அந்த மாடு கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"தெரியல பானு. பஸ்ஸு வந்துடுச்சே."

"சரி, உன் பிராத சொல்லு. எழுதறேன்."

அமிர்தத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எழுது. பக்கத்து வூட்டு பானுமதி, சின்னப் புள்ளையிலேர்ந்து என்னோட ஒண்ணா வளந்தவ, எங்கிட்ட சொல்லாம ஓசூருக்குப் போயிட்டா. ஆடியிலேர்ந்து தெனம் என் மூஞ்சிய பாத்தா. என் கையால காபி வாங்கிக் குடிச்சா. ஒரு வார்த்தை சொல்லல." அமிர்தம் முந்தானையைத் தேடினாள். "வூடு பாக்க வந்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். பானுமதி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருந்தாள்; நிமிர்ந்திருந்தால் அவளும் அழுதிருப்பாள். அதற்குள் கோயில் வாசலில் யாரோ கொய்யாப்பழம் கூவினார்கள். "செங்காயா இருக்குதான்னு பாத்துட்டு வரேன், தோ" என்று அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

என்ன செய்து தர வேண்டும் என்பதை அவள் சொல்லவே இல்லை. அது இல்லாமல் பிராது எப்படி முடியும்? பானுமதி எழுதினாள்: 'மேற்படி பானுமதி இனிமேல் எதுவானாலும் முதலில் என்னிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டை விட்டு எங்கேயும் குடி போகக் கூடாது. சாமிதான் பார்த்துச் செய்ய வேண்டும்.' கீழே அமிர்தத்தின் கையெழுத்தைப் போட்டாள், சுழி மாறாமல். ஒருமுறை படித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. கொண்டுபோய், அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

பஸ் வருவதற்குள் வாசல் கடையில் இரண்டு டீ சொன்னாள். அமிர்தம் மடி நிறையக் கொய்யாவோடு, கொய்யாக்காரியின் மூத்த மகள் கதையோடு வந்தாள்.

"அமிர்தம், ஒண்ணு சொல்லணும்" என்று பானுமதி நடுவில் புகுந்தாள்.

"என்னா?"

"நான் ஓசூருல இருக்கப் போறதில்ல. தீவாளி பொங்கலுக்குப் போயிட்டு வருவேன். கார்முகிலுகிட்ட இன்னும் சொல்லல. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அமிர்தம் கொய்யாக்காரி மகளை அப்படியே விட்டாள். "அப்போ என் குறை தீந்துடுச்சு பானு" என்றாள், மடிக் கொய்யாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "நாளைக்கே வந்து ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு, பிராத வாபஸ் வாங்கிடறேன். மொத பஸ்ஸுக்கே வந்துடறேன், பாரு."

"சரி" என்றாள் பானுமதி.

அமிர்தம் விட்ட இடத்திலிருந்து கொய்யாக்காரி மகளின் கதையைத் தொடர்ந்தாள். கையிலிருந்த டீ ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. பானுமதி அதை ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள், நாளைக்கு வாபஸ் வாங்கப் போவது தெரு முழுக்கத் தெரிந்துவிடும். முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் நினைத்தாள். தேவையில்லை என்று பட்டது. அமிர்தமாவது, வந்து முடிப்பதாவது.